நர்ஸ் மார்கரெட் சாங்கர்: கேட்டதும் கேட்கத் தவறியதும்

எங்க ஆயாவுக்கு நாலாவது பிரசவத்தோடு கருத்தடை ஆபரேஷனையும் செய்துவிட்டார்கள். கைநாட்டு வாங்கினார்கள்; எதற்கென்று சொல்லவில்லை. சாகும்வரை ஆயா சொன்னது ஒன்றுதான்: "அஞ்சாவது வேணாம்னுதான் நானும் நெனச்சேன். ஆனா என்ன ஒரு வார்த்த கேட்டிருக்கலாம்ல?" கருத்தடை இயக்கத்தின் முன்னோடியான அமெரிக்க நர்ஸ் மார்கரெட் சாங்கரை இந்தக் கேள்வியோடுதான் நாம் வாசிக்க வேண்டியிருக்கிறது.

1879இல் நியூயார்க் மாநிலத்துக் கார்னிங் நகரில், ஐரிஷ் கத்தோலிக்கக் குடும்பத்தில் பிறந்தவர் சாங்கர். அப்பா கல்தச்சர். கல்லறைகளுக்குத் தேவதைச் சிலை செதுக்கிப் பிழைத்தவர், ஆனால் பகுத்தறிவாளர். சுயமரியாதைக்காரர்கள் தமிழுக்குக் கொண்டுவந்தார்களே, அதே இங்கர்சாலை ஊருக்கு அழைத்துப் பேசவைத்தவர். அதற்காகக் கத்தோலிக்கர்கள் அவருக்கு வேலை கொடுப்பதை நிறுத்தினார்கள். அம்மா 18 முறை கருவுற்றார். 11 பிள்ளைகள் உயிரோடு பிறந்தன. ஐம்பது வயதை ஒட்டிக் காசநோயில் செத்துப்போனார். கடவுள் மறுப்பு அப்பாவின் பேச்சிலிருந்து வந்தது என்றால், கோபம் அம்மாவின் உடம்பிலிருந்து வந்தது.

நர்ஸ் வேலைக்காக நியூயார்க்கின் கிழக்குப் பகுதிக் குடிசைக் கட்டடங்களில் ஏறி இறங்கினார். புலம்பெயர்ந்த கூலிக்காரக் குடும்பங்கள். தானே கருவைக் கலைத்துக்கொண்டு சாகக் கிடந்த ஒரு பெண்ணின் கதையை மேடைதோறும் சொல்வார். பிழைத்தெழுந்த அந்தப் பெண் இனி கரு தங்காமலிருக்க வழி கேட்டபோது டாக்டர் கேலி பேசிவிட்டுப் போனார். சில மாதத்தில் அவள் செத்தே போனாள். வழி இருந்தது. பணக்காரப் பெண்களுக்கு அது தெரிந்தும் இருந்தது. ஏழைக்குச் சொல்வதைத்தான் சட்டம் தடுத்தது. 1873இன் காம்ஸ்டாக் சட்டப்படி கருத்தடைத் தகவலைத் தபாலில் அனுப்புவதே ஆபாசக் குற்றம்.

1914இல் 'கலகப் பெண்' என்ற பொருள்படும் பெயரில் பத்திரிகை தொடங்கினார். முகப்பிலேயே கடவுளும் இல்லை, எஜமானனும் இல்லை என்ற முழக்கம். 1916 அக்டோபரில் புரூக்ளினின் பிரவுன்ஸ்வில் பகுதியில், நர்சாக இருந்த தங்கை எதெல் பைர்னோடு கருத்தடை நிலையம் திறந்தார். ஆங்கிலம், இத்திஷ், இத்தாலியம் மூன்றிலும் துண்டறிக்கை. கூட்டம் வரிசைகட்டியது. பத்து நாள் வாக்கில் போலீஸ் வந்தது. தங்கை சிறையில் உண்ணாவிரதம் இருந்தார். வலுக்கட்டாயமாகக் குழாய்வழி உணவு செலுத்தினார்கள். சாங்கருக்கும் 30 நாள் சிறை. 1957இல் அமெரிக்க மனிதநேயச் சங்கம் அவரை அந்த ஆண்டின் மனிதநேயராகத் தேர்ந்தெடுத்தது. 1966இல் இறந்தார்.

இதோடு நிறுத்தினால் இது புகழுரை. நமக்கு அது போதாது.

1920களில் சாங்கர் யூஜெனிக்ஸ்காரர்களோடு கைகோத்தார். 'தகுதியற்றோர்' பிள்ளை பெறக்கூடாது, மனவளர்ச்சி குன்றியவர்களுக்கு மலடாக்கும் அறுவை செய்யலாம் என்றார். 1926இல் கூ கிளக்ஸ் கிளான் மகளிர் பிரிவுக் கூட்டத்திலும் பேசினார். அதைத் தன் சுயசரிதையில் அவரே எழுதியிருக்கிறார். 'தகுதி' என்ற சொல் நமக்குப் புதுசா என்ன? இடஒதுக்கீடு என்றதும் எதிரில் நிற்கிறவன் வாயில் வருகிற அதே சொல்தானே! எஜமானன் இல்லை என்று முழங்கியவரே, யார் பிறக்கத் தகுதியானவர் என்று தீர்ப்பளிக்கும் எஜமானர்களோடு உட்கார்ந்தார். கடவுளை இறக்கிவிட்ட நாற்காலியில் நிபுணனை ஏற்றிவைத்தால் அடித்தட்டுப் பெண்ணுக்கு என்ன விடுதலை?

1935இல் இந்தியா வந்த சாங்கர் வார்தாவில் காந்தியைச் சந்தித்தார். கருத்தடைச் சாதனங்களை மறுத்துப் புலனடக்கம் சொன்னார் காந்தி. நம்முடைய தலைவர்கள் வேறு பாதையில் நின்றார்கள். பெரியார் 'பெண் ஏன் அடிமையானாள்?' நூலில், நாட்டின் வறுமைக்காகவோ உடல்நலத்துக்காகவோ மட்டும் கருத்தடை கேட்பவர்களிடமிருந்து தன்னைப் பிரித்துக்கொண்டு, பெண்ணின் சுதந்திரத்துக்காகக் கேட்டார். 1938 நவம்பரில் பம்பாய்ச் சட்டமன்றத்தில் கருத்தடைத் தீர்மானம் வந்தபோது, அம்பேத்கர் தயாரித்த உரையை அவர் இல்லாத நிலையில் பி.ஜே. ரோகம் வாசித்தார். தீர்மானம் தோற்றது.

பிறகு நடந்தது தெரிந்ததுதான். பெண்ணின் உரிமை, அரசின் இலக்காக மாறியது. நெருக்கடி நிலைக் காலத்தில், 1976-77 ஓராண்டில் மட்டும் 80 லட்சம் பேருக்கும் மேல் கருத்தடை அறுவை. கணக்குக் காட்ட இழுத்துப் போகப்பட்டவர்களில் நம்மவர்கள் இல்லாமலா?

2020 ஜூலையில், யூஜெனிக்ஸ் தொடர்பைச் சொல்லி, நியூயார்க்கின் பிளான்ட் பேரன்ட்ஹுட் அமைப்பு தன் மன்ஹாட்டன் நிலையத்திலிருந்து சாங்கரின் பெயரை நீக்க முடிவுசெய்தது. பெயரை எடுக்கலாம், வைக்கலாம். நம் கணக்கு வேறு. பிரவுன்ஸ்வில்லில் படியேறி வந்த பெண்களிடம் 'உனக்கு என்ன வேணும்' என்று கேட்ட நர்ஸ் நமக்கு வேண்டும். கேட்காமலே முடிவெடுத்த சீமாட்டி வேண்டாம். இரண்டு பேரும் ஒரே ஆள் என்பதை மறைக்கவும் வேண்டாம்.

ஆயா கேட்டதும் அவ்வளவுதான். ஆபரேஷன் வேணாம்னு அவ சொல்லல. என்னக் கேளுன்னுதான் சொன்னா.