புக்கில் யாருடைய பெயர்?

கொஞ்சம் நீளமான பதிவு. ஆறுதலாக இருந்து கடைசி வரைக்கும் வாசியுங்கள், உறவுகளே.

எமக்கு வாகனப் பைத்தியம் இருப்பது ஊரில் பலருக்கும் தெரியும். லீவு கிடைத்தால் பழைய காரைத் துடைத்து எடுத்துக்கொண்டு பொத்துவில், மொனராகலை, எல்ல என்று புறப்பட்டுவிடுவோம். பாடசாலை இடைவேளையில் கியர், டயர், மைலேஜ் கதை எம்மிடமிருந்துதான் தொடங்கும். 2020இல் நிறுத்தப்பட்ட தனியார் வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் திறக்கப்பட்டதிலிருந்து அந்தக் கதை இன்னும் கூடிவிட்டது.

அண்மையில் உறவுக்காரர் ஒருவர் புதிதாக வாங்கிய காரைக் காட்ட வீட்டுக்கு வந்திருந்தார். நாம் பொனட்டைத் திறந்து பார்த்தோம், ஆசனத்தில் அமர்ந்து பார்த்தோம். பேச்சோடு பேச்சாக, முற்பணத்துக்கு மனைவியின் நகைதான் கைகொடுத்தது என்றார். பின்சீட்டிலிருந்து இறங்கிய அந்தச் சகோதரியிடம் எமது மனைவி, "நீங்களும் ஓடப் பழகலாமே ராத்தா" என்று கேட்டார். "எங்க? சாவியத் தொடவே விடமாட்டாரு" என்றார் அவர். எல்லோரும் சிரித்தோம். நாமும் சேர்ந்துதான் சிரித்தோம்.

அவர்கள் போன பிறகு அந்தச் சிரிப்பு எம்மை உறுத்தத் தொடங்கியது. மாணவர்களுக்கு நாம் அடிக்கடி சொல்லும் ஒரு வரலாறு ஞாபகத்துக்கு வந்ததே காரணம். உலகில் முதன்முதலாகக் காரில் தூரப் பயணம் போனது யார் என்ற வரலாறு அது.

அவர் பெயர் பெர்த்தா பென்ஸ்.

ஜேர்மனியின் ஃபோர்ட்ஸ்ஹைம் நகரில் 1849 மே 3ஆம் திகதி பிறந்தவர். தகப்பன் வசதியான கட்டட ஒப்பந்தக்காரர். கார்ல் பென்ஸ் என்ற இளம் பொறியியலாளருக்கு அவரை நிச்சயித்தபோது கார்லிடம் இருந்தது திறமையும் கடனும்தான். 1871இல் மன்ஹைம் நகரில் அவர் ஒரு பங்காளியுடன் சேர்ந்து பட்டறை தொடங்கினார். பங்காளி சரிவரவில்லை, பட்டறை மூழ்கும் நிலைக்கு வந்தது. அப்போது பெர்த்தா தனது சீதனப் பணத்தைக் கல்யாணத்துக்கு முன்னரே கொடுத்தார். அந்தப் பணத்தில்தான் பங்காளியின் பங்கு வாங்கப்பட்டு, பட்டறை கார்லின் கையில் தங்கியது. 1872இல் இருவருக்கும் திருமணம் நடந்தது.

இங்கே ஒரு விடயத்தைக் கவனியுங்கள். கல்யாணமாகாத பெண்ணாக இருந்தவரை தன் பணத்தை முதலீடு செய்ய பெர்த்தாவால் முடிந்தது. கல்யாணம் முடிந்த பிறகு, அந்நாளைய சட்டப்படி முதலீட்டாளர் என்ற உரிமை அவருக்கு இல்லாமல் போனது. பணம் அவருடையது, ஆனால் தாளில் அவர் இல்லை.

1886 ஜனவரி 29ஆம் திகதி கார்ல் பென்ஸ் தனது மோட்டார் வண்டிக்குக் காப்புரிமை கேட்டு விண்ணப்பித்தார். அதன் இலக்கம் 37435. இன்று உலகம் காரின் பிறந்த நாளாகக் கொண்டாடுவது அந்த நாளைத்தான். அந்தத் தாளிலும் கார்லின் பெயர் மாத்திரமே இருந்தது.

அந்த வண்டிக்கு மூன்று சக்கரம். முன்னால் ஒன்று, பின்னால் இரண்டு. கூரை இல்லை, ஸ்டியரிங் வீல் இல்லை, முன்சக்கரத்தைத் திருப்ப ஒரு கைப்பிடி மட்டும். ஊரில் நாம் தினமும் கைகாட்டி மறிக்கும் த்ரீவீலுக்கு மூத்தம்மா என்றே அதைச் சொல்லலாம்.

வண்டி செய்தாயிற்று, வாங்கத்தான் ஆளில்லை. குதிரை இல்லாத வண்டியைச் சனங்கள் வேடிக்கை பார்த்தார்கள், பயந்தார்கள், கேலி செய்தார்கள். கார்லோ இன்னும் திருத்த வேண்டும், இன்னும் சரிவரவில்லை என்று பட்டறைக்குள்ளேயே இருந்தார். 1888 ஆகஸ்ட் 1ஆம் திகதி வீதியில் ஓட்டுவதற்கான எழுத்து மூல அனுமதி அவருக்குக் கிடைத்தது. உலகின் முதலாவது சாரதி அனுமதிப்பத்திரம் என்று அதைச் சொல்கிறார்கள். அதிலும் பெயர் கார்ல்தான்.

அதே ஆகஸ்ட் மாதத்தில் ஒரு விடியற்காலை. கணவர் நித்திரையில் இருந்தபோது பெர்த்தா இரண்டு ஆண் பிள்ளைகளையும் கூட்டிக்கொண்டு வண்டியைப் பட்டறையிலிருந்து வெளியே எடுத்தார். மூத்தவன் ஓய்கனுக்கு 15 வயது, அடுத்தவன் ரிச்சர்டுக்கு 13. உம்மும்மா வீட்டுக்குப் போய்வருகிறோம் என்பதுதான் கதை. எதில் போகிறோம் என்பதைச் சொல்லவில்லை. மன்ஹைமிலிருந்து ஃபோர்ட்ஸ்ஹைமுக்கு ஏறத்தாழ 106 கிலோமீற்றர். அதுவரை அந்த வண்டி ஓடியதெல்லாம் பட்டறையைச் சுற்றிய கொஞ்சத் தூரம்தான்.

வழியில் நடந்ததை வாகனம் வைத்திருக்கும் எவரும் ரசித்து வாசிக்கலாம்.

எரிபொருள் முடிந்தது. பெற்றோல் ஷெட் என்று ஒன்று உலகத்திலேயே இல்லாத காலம். வீஸ்லோக் என்ற ஊரின் மருந்துக் கடையில், துணிக் கறை போக்க விற்கும் லிக்ரோயின் என்ற திரவத்தைக் கேட்டு வாங்கி ஊற்றினார். அந்த மருந்துக் கடையைத்தான் உலகின் முதலாவது எரிபொருள் நிலையம் என்கிறார்கள். 2022இல் ஷெட்டுக்கு முன்னால் இரவு பகலாக வரிசையில் கிடந்த எங்களுக்கு, எரிபொருள் எங்கே கிடைக்கும் என்று தெரியாமல் வீதியில் நிற்பது என்றால் என்னவென்று யாரும் சொல்லித்தரத் தேவையில்லை.

எரிபொருள் வரும் குழாய் அடைத்தது. தொப்பியில் குத்தியிருந்த ஊசியை எடுத்து அடைப்பை நீக்கினார். மின்கம்பியின் உறை தேய்ந்தது. காலுறையை இறுக்கும் பட்டியைக் கழற்றிச் சுற்றினார். சங்கிலி தளர்ந்தது. புருக்சாலில் ஒரு கொல்லரிடம் சரிசெய்துகொண்டார். எஞ்சின் சூட்டில் தண்ணீர் ஆவியாகிக்கொண்டே இருந்தது. கிணறு, ஓடை என்று கண்ட இடமெல்லாம் நிறுத்தி ஊற்றிக்கொண்டே போனார்கள்.

ஏற்றம் வந்தபோது வண்டி ஏறவில்லை. இறங்கித் தள்ளினார்கள். இறக்கத்தில் வேறு பிரச்சினை. மரக்கட்டை பிரேக் தேய்ந்துபோனது. பவுஷ்லொட் என்ற கிராமத்தில் செருப்புத் தைப்பவரிடம் சொல்லி அந்தக் கட்டைகளின் மேல் தோல் அடித்துக்கொண்டார். இன்று நாம் கராஜில் மாற்றும் பிரேக் லைனரின் ஆரம்பம் அந்தத் தோல்தான்.

இருட்டும் நேரத்தில் ஃபோர்ட்ஸ்ஹைம் போய்ச் சேர்ந்து, கணவருக்குத் தந்தி அடித்தார். சில நாட்களின் பின் வேறொரு பாதையால் அதே வண்டியில் திரும்பியும் வந்தார்.

வந்தவர் சும்மா இருக்கவில்லை. ஏற்றத்தில் இழுவை போதாது, பிரேக் போதாது என்று குறைகளைச் சொன்னார். வண்டியில் ஏற்றத்துக்கென்று இன்னொரு கியர் சேர்ந்தது. இதை எழுதும்போது எமக்கு மகியங்கனையிலிருந்து கண்டிக்கு ஏறும் 18 வளைவுதான் கண்ணுக்குள் வருகிறது. அந்தப் பாதையில் சின்னக் கியரில் ஏறி, சின்னக் கியரிலேயே இறங்க வேண்டும் என்பது எமது பழைய பல்லவி. இறக்கம் முழுக்கப் பிரேக்கை மிதித்துக்கொண்டே வந்தால் அது சூடேறி, அவசரத்துக்குப் பிடிக்காது. சின்னக் கியர் போட்டால் எஞ்சினே வண்டியைப் பிடித்துக்கொள்ளும். மலைப்பாதையில் எங்கள் பிள்ளைகுட்டிகளைக் காப்பாற்றும் இந்த வசதியின் தொடக்கத்தில், வண்டியை வெயிலில் தள்ளிய ஒரு தாயின் முறைப்பாடு இருக்கிறது.

அந்த வருடம் செப்டெம்பரில் மியூனிக் கண்காட்சியில் பென்ஸ் வண்டிக்குத் தங்கப் பதக்கம் கிடைத்தது. பதினொரு வருடம் கழித்து, 1899இல், பென்ஸ் கம்பனி ஒரே வருடத்தில் 572 வாகனங்கள் செய்து உலகின் மிகப் பெரிய கார்க் கம்பனியாக நின்றது. சந்தேகத்தோடு பார்த்த சனங்களுக்கு, ஒரு தாயும் இரண்டு பிள்ளைகளும் போய்த் திரும்பிய பயணத்தை விடப் பெரிய விளம்பரம் தேவைப்படவில்லை.

இன்னொரு வேடிக்கையையும் பாருங்கள். 1926இல் டைம்லர் கம்பனியும் பென்ஸ் கம்பனியும் ஒன்றாகி, மெர்சிடிஸ் பென்ஸ் என்ற பெயர் வந்தது. மெர்சிடிஸ் என்பது ஒரு பெண்ணின் பெயர். டைம்லர் கார்களை வாங்கி விற்ற எமில் எலினெக் என்ற வியாபாரியின் மகள் அவர். தகப்பன் அந்தப் பெயரைக் கார்களுக்கு வைத்தபோது அவர் ஒரு சிறுமி. அழகுக்கு ஒரு பெண்ணின் பெயர் காரில் ஏறிவிட்டது. உழைப்பையும் பணத்தையும் கொடுத்த பெண்ணின் பெயர் ஏறவில்லை. பென்ஸ் என்பது கணவரின் குடும்பப் பெயர்தான்.

கார்ல் நன்றி மறந்தவர் அல்லர் என்பதையும் சொல்ல வேண்டும். முதுமையில் எழுதிய தன் வாழ்க்கை வரலாற்றில், எல்லாம் மூழ்கப்போன நாட்களில் தன்னோடு நின்றவர் மனைவி ஒருவரே என்று எழுதி வைத்தார். கார்லுக்குக் கல்ஸ்ரூக தொழில்நுட்பப் பல்கலைக்கழகம் 1914இல் கௌரவ கலாநிதிப் பட்டம் கொடுத்தது. அதே பல்கலைக்கழகம் பெர்த்தாவைக் கௌரவித்தது 1944இல், அவரது 95ஆவது பிறந்த நாளில். அதற்கு இரண்டு நாள் கழித்து அவர் காலமானார். அவர் போன பாதை நினைவுப் பாதையாக அறிவிக்கப்பட்டது 2008இல்தான்.

இப்போது எமது வீட்டுக் கதைக்கு வருவோம். ஊருக்கு உபதேசம் செய்வதற்கு முன்னர் எமது பிழையைச் சொல்லிவிட வேண்டும்.

எமது காரும் மனைவியின் இரண்டு சோடிக் காப்பிலும், அவர் மாதாமாதம் கட்டிய சீட்டுக் காசிலும் வந்ததுதான். ஆனால் வாகனப் புக்கில் எமது பெயர். யார் பெயரில் எழுதுவது என்ற கேள்வி வாங்கிய அன்று எமக்கு வரவே இல்லை. கெட்ட எண்ணத்தில் செய்யவில்லை, யோசிக்காமல் செய்தோம். பெரும்பாலான வீடுகளில் இது இப்படித்தான் நடக்கிறது என்று நினைக்கிறோம்.

ஒருமுறை அந்த 18 வளைவில் ஏறிக்கொண்டிருந்தோம். நாம் எஞ்சினின் குதிரைவலு பற்றி மைத்துனருக்கு விரிவுரை நடத்திக்கொண்டு வந்தோம். "சூடு காட்டுற முள்ளு மேல போகுது, நிப்பாட்டுங்க" என்றது பக்கத்தில் இருந்த மனைவி. நிறுத்திப் பார்த்தால் தண்ணீர்க் குழாயில் வெடிப்பு, ஆவி பறக்கிறது. இன்னும் இரண்டு வளைவு ஏறியிருந்தால் எஞ்சின் முடிந்திருக்கும். வாகனப் பைத்தியம் நாம். வாகனத்தைக் கவனித்தது அவர்.

வாகனத்துக்குச் சொந்தக்காரர் யார் என்பதில் எமது அபிப்பிராயம் அன்றிலிருந்து மாறத் தொடங்கியது. ஓட்டுவது பெரிய வித்தை அல்ல, பழகினால் யாருக்கும் வரும். வாகனத்தின் சத்தம் மாறுவதைக் கேட்பது, முள்ளைப் பார்ப்பது, புறப்பட முன்னர் தண்ணீரும் ஒயிலும் பார்ப்பது, சந்தேகம் வந்தால் வெட்கப்படாமல் நிறுத்துவது, இவைதான் ஓட்டுநரின் குணம். இதில் ஆண் பெண் என்று எதுவும் இல்லை. 1888இல் தொப்பி ஊசியோடு வீதியில் இறங்கியவர் அதை நிரூபித்துவிட்டார்.

சொந்தம் என்பதோ வேறு விடயம். அதில் தாள் முக்கியம். அன்பு இருந்தால் போதும், யார் பெயரில் இருந்தால் என்ன என்று சொல்வோம். எல்லாம் நன்றாகப் போகும் நாட்களில் அது சரிதான். கணவர் திடீரென மௌத்தானால், குடும்பத்தில் பிணக்கு வந்தால், வாகனத்தை விற்றுப் பிள்ளையின் படிப்புக்குச் செலவழிக்க வேண்டி வந்தால், கந்தோரில் கேட்பது அன்பை அல்ல, புக்கை. தன் நகையில் வாங்கிய வாகனத்துக்காகத் தன்னுடையது என்று நிரூபிக்க அலைந்த சகோதரிகளை நாம் ஊரில் கண்டிருக்கிறோம். பெர்த்தாவின் காலத்தில் சட்டமே மனைவியைத் தடுத்தது. இன்று எமது நாட்டில் ஒரு பெண் தன் பெயரில் வாகனம் வைத்திருக்க எந்தச் சட்டமும் தடையில்லை. தடையாக இருப்பது எமது யோசனையின்மை மட்டும்தான்.

ஆகவே ஒரு சின்ன வேண்டுகோள். இப்போது புதிதாக வாகனம் வாங்க நினைப்பவர்கள், அதில் யாருடைய காசு எவ்வளவு என்று ஒரு தடவை வீட்டில் இருந்து கணக்குப் பாருங்கள். அதற்குப் பிறகு யாருடைய பெயரில் எழுதுவது என்று இருவரும் கதைத்து முடிவெடுங்கள். ஏற்கனவே வாங்கியவர்கள் குறைந்தது சாவியையாவது கொடுங்கள், பழகட்டும். நடு இரவில் வாப்பாவுக்கு நெஞ்சு வலித்தால் ஆஸ்பத்திரிக்குக் கொண்டுபோக வீட்டில் இன்னொரு சாரதி இருப்பது எவ்வளவு பெரிய ஆறுதல்!

எமது மனைவி இப்போது எல் போட்டோடு பழகுகிறார். பின்னேரங்களில் மைதானத்துப் பக்கம் கார் இழுத்து இழுத்து நின்றால் அது எமது கார்தான், யாரும் சிரிக்க வேண்டாம். பெயர் மாற்றும் படிவமும் எடுத்து வைத்திருக்கிறோம். "இப்ப என்ன அவசரம்" என்கிறார் அவர். அவசரம்தான் என்று சொல்லியிருக்கிறோம்.

உங்கள் வீட்டு முதல் வாகனம் யாருடைய காசில் வந்தது? உம்மாவிடம் ஒருமுறை கேட்டுப் பாருங்கள். பதில் கிடைத்தால் இங்கே கீழே எழுதுங்கள், எல்லோரும் வாசிப்போம்.