நான்சி நகரத்துக் கிரணங்கள்

1895-இல் ரோண்ட்கன் எக்ஸ் கிரணங்களைக் கண்டறிந்தபின், இயற்கையின் கர்ப்பத்தில் இன்னும் எத்தனை கிரணங்கள் மறைந்திருக்கின்றனவோ என்ற ஆவல் ஐரோப்பிய விஞ்ஞானிகளின் உள்ளத்தைப் பற்றியிருந்த காலத்தில், பிரான்ஸின் கிழக்கே உள்ள நான்சி நகரத்துச் சர்வகலாசாலையில் பௌதிகப் பேராசிரியராயிருந்த ரெனே ப்ளாண்ட்லோ, 1903-ஆம் ஆண்டில் தாமும் ஒரு புதிய கிரணத்தைக் கண்டதாக அறிவித்து, தம் ஊரின் முதலெழுத்தைக் கொண்டு அதற்கு ‘என் கிரணம்’ என்று பெயர் சூட்டினார்.

அக்கிரணத்துக்குச் சாட்சி பெரும்பாலும் மனிதக் கண்ணே. அது பட்டால் ஒரு சிறு மின்பொறியோ, கால்சியம் சல்பைடு பூசிய திரையோ லேசாகப் பிரகாசம் கூடும். அதைக் காண விரும்புவோர் இருட்டறையில் கண்ணைப் பழக்கிக்கொண்டு, உற்று நோக்காமல், இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் நிலக்காட்சியைப் பார்ப்பதுபோலப் பார்க்க வேண்டும் என்று அவர் விதித்தார். அவ்விதம் பார்த்த பிரெஞ்சு அறிஞர் பலர் கண்டார்கள்; அதே நகரத்துச் சார்பாந்தியே என்பவர் நரம்புகளிலிருந்தும் தசைகளிலிருந்தும்கூட அது வெளிப்படுவதாகச் சொன்னார். பிற நாட்டு விஞ்ஞானிகளான கெல்வினும் க்ரூக்ஸும் ரூபென்ஸும் காணவில்லை.

1904-இல் அமெரிக்கப் பேராசிரியர் ஆர். டபிள்யூ. வுட் நான்சிக்கு நேரில் சென்றார். 3 மில்லிமீட்டர் அகலமுள்ள கிரணக் கற்றையை அலுமினியப் பட்டகத்தால் பிரித்து, ஒரு மில்லிமீட்டரில் பத்தில் ஒரு பங்குக்கும் குறைவான இடைவெளிகளை ப்ளாண்ட்லோ அளந்துகாட்டியபோது, வுட் இருளில் ஓசையின்றி அப்பட்டகத்தையே அகற்றிவிட்டார். அளவுகளோ சற்றும் மாறாமல் வந்துகொண்டே இருந்தன. செப்டம்பரில் ‘நேச்சர்’ இதழில் அவர் கடிதம் வெளியானபின், பிரான்ஸுக்கு வெளியே அக்கிரணத்தை நம்புவார் இல்லாமற்போயினர்.

ப்ளாண்ட்லோவை வஞ்சகர் என்று தூற்றுவது பெரும் அநியாயம். மின்சாரத்தின் வேகத்தை நுட்பமாக அளந்து கீர்த்தி பெற்றவர் அவர். புலனின் எல்லையில் நிற்கும் ஒளி, யாதொரு காரணமுமின்றியே கண்ணுக்குக் கூடியும் குறைந்தும் தோன்றும் இயல்புடையது; கிரணம் இப்போது வருகிறது, இப்போது தடுக்கப்படுகிறது என்பதைப் பார்ப்பவர் முன்கூட்டியே அறிந்திருந்தபடியால், அந்த ஏற்றத்தாழ்வுகளில் எதிர்பார்த்தவை மட்டும் மனத்தில் பதிந்தன. திரை ஒளிர்வதைக் காணும் ஒருவர், அதைத் தடுக்கும் பலகையை அவரறியாமல் நகர்த்தும் இன்னொருவர் என்ற எளிய ஏற்பாடு இருந்திருந்தால் போதும்.

அத்தகைய ஏற்பாட்டைப் பாரீஸின் ‘ரெவ்யூ சயன்டிஃபிக்’ பத்திரிகை முன்வைக்கத்தான் செய்தது: பார்வைக்கு ஒன்றுபோல் இருக்கும் இரண்டு மூடிய பெட்டிகள், ஒன்றில் கிரணம் வீசுவதாகச் சொல்லப்பட்ட பதமிட்ட எஃகு, மற்றதில் ஈயம், எது எஃகு என்று கிரணத்தைக்கொண்டு ப்ளாண்ட்லோ சொல்லவேண்டும். அதை அவர் ஏற்றிருக்கலாகாதா என்று இன்றும் மனம் ஏங்குகிறது. அவரோ, இந்நிகழ்ச்சி மிக நுண்ணியதாகையால் அவரவர் தம் பரிசோதனையாலோ, தாம் நம்புவோர் சொல்லாலோ முடிவு செய்துகொள்ளட்டும் என்று கூறி, 1906-இல் மறுத்துவிட்டார்.