சுறாவின் முன் ஒரு காமிரா

மன்னார் வளைகுடாவில் முத்துக்குளிப்பு நடைபெற்ற காலத்தில் படகுகளுடன் ஒரு முக்கியமான மனிதரும் இருப்பார். அவருக்குக் 'கடல் கட்டி' என்று பெயர். மந்திரத்தால் சுறாவின் வாயைக் கட்டிவிடுபவர் என்பது நம்பிக்கை. 13-ஆம் நூற்றாண்டின் இறுதியில் இக்கரைக்கு வந்த மார்க்கோ போலோ, பெரிய மீன்களை மந்திரத்தால் கட்டுவோருக்குக் கிடைத்த முத்தில் இருபதில் ஒரு பங்கு கூலியாகத் தரப்பட்டது என்று எழுதியுள்ளார். 19-ஆம் நூற்றாண்டில் இலங்கையில் உயர் அதிகாரியாக இருந்த எமர்சன் டென்னண்டும் இவர்களைக் குறிப்பிடுகிறார். முத்துக்குளிப்பில் சுறாவால் நேர்ந்த விபத்துகள் மிக அரிது என்பது அவருக்கு வியப்பாக இருந்தது. மந்திரம் அதற்குக் காரணமா, கடலில் எழும் ஆரவாரம் காரணமா?

இவ்வினாவுக்கு விடை காண நீருக்கடியில் சுறா எவ்வாறு நடந்துகொள்கிறது என்று தெரிந்திருக்க வேண்டும். அதைப் பார்த்தவர்கள் முத்துக் குளிப்பவர்களும் சங்கு குளிப்பவர்களுமே. அவர்களும் ஒரு மூச்சு நிற்கும் நேரம் மட்டுமே பார்த்தனர். கண்டதைக் கரையிலிருப்போருக்குக் காட்ட ஒரு சாட்சி தேவைப்பட்டது. அந்தச் சாட்சிதான் காமிரா.

முப்பது நிமிடத்திலிருந்து நொடிக்கு

பிரான்சு நாட்டின் தென்கோடியில் பன்யூல் என்ற கடற்கரை ஊரில், 1893-இல் லூயி பூத்தான் என்ற உயிரியலார் நீருக்கடியில் படம் எடுத்தார். காமிராவை அமைத்துத் தந்தவர் அவருடைய சகோதரர். ஆனால் ஒரு படத்துக்கு ஒளிபடும் நேரம் 30 நிமிடம் வரை தேவைப்பட்டது. பாறை அசையாது, அதைப் படம் எடுக்கலாம். ஓயாமல் நீந்தும் சுறா அரை மணி நேரம் ஓரிடத்தில் நிற்குமா?

1914-இல் அமெரிக்கரான ஜே. ஈ. வில்லியம்சன் வேறு வழி கண்டார். வெயில் நன்கு ஊடுருவும் பகாமாஸ் தீவுகளின் ஆழமற்ற கடலில், படகிலிருந்து ஓர் இரும்புக் குழாயை இறக்கி, அதன் அடியில் கண்ணாடிச் சன்னல் வைத்த அறைக்குள் அமர்ந்து திரைப்படம் எடுத்தார். அப்படத்திற்காக அவரே நீரில் குதித்துச் சுறா ஒன்றைக் கத்தியால் குத்தினார். ஆக, அப்படத்தில் சுறா தோன்றியது கொல்லப்படுவதற்காகவே. மக்கள் மனத்தில் ஏற்கெனவே இருந்த அச்சத்தைக் காமிரா அன்று மெய்ப்பித்ததே தவிர, சோதித்துப் பார்க்கவில்லை.

அந்தச் சோதனையை மேற்கொண்டவர் வியன்னா மாணவரான ஹான்ஸ் ஹாஸ் (1919-2013). 1939-இல் இரு நண்பர்களுடன் கரிபியன் கடலிலுள்ள குராசோ, பொனேர் தீவுகளுக்குச் சென்றார். மூச்சுக் கருவி ஏதும் இல்லை. நம் முத்துக்குளிப்பவரைப் போலவே மூச்சை அடக்கி மூழ்கி, நீர்புகாப் பெட்டிக்குள் வைத்த காமிராவால் படம் எடுத்தார். சுறாக்கள் கண்டவுடன் பாயவில்லை. தொலைவில் வட்டமிட்டன, ஐயத்துடன் நெருங்கின, பின்னர் விலகின. ஒருமுறை நீருக்குள் உரக்கக் கத்தியதும் சுறா திரும்பி ஓடியதை ஹாஸ் பதிவு செய்திருக்கிறார். டென்னண்டுக்கு எழுந்த ஐயத்தை இத்துடன் ஒப்பிட்டுப் பாருங்கள்! ஆயினும் இது எங்கும் எப்போதும் பலிக்கும் உபாயம் அன்று. சுறாக்களில் பல நூறு இனங்கள் உண்டு. எல்லாம் ஒரே குணமுடையவை அல்ல.

நீர் செய்யும் மூன்று தொல்லைகள்

சுறாவைப் படம் எடுப்பதில் பெரிய தடை சுறா அன்று, நீரே ஆகும்.

முதலாவது ஒளிவிலகல். கடல்நீரின் ஒளிவிலகல் எண் ஏறத்தாழ 1.34. தட்டைக் கண்ணாடி வழியே பார்த்தால் 4 மீட்டர் தொலைவிலுள்ள சுறா 3 மீட்டரில் இருப்பதாகத் தோன்றும். உருவமும் மூன்றில் ஒரு பங்கு பெரிதாகத் தெரியும். குளிப்பவர்கள் கண்டதாகச் சொன்ன பெருஞ்சுறாக்கள் சில, கண்ணாடி அணிந்த கண்களுக்கு மட்டும் பெருத்தவையாக இருக்கலாம்! காமிராவின் பார்வைக் கோணமும் இதனால் குறுகிவிடும். தட்டைக் கண்ணாடிக்குப் பதில் அரைக்கோள வடிவக் கண்ணாடியைப் பொருத்தினால் கதிர்கள் அதன் பரப்பைச் செங்குத்தாகக் கடக்கும், கோணம் குறையாது.

இரண்டாவது ஒளி உட்கவர்தல். நீர் சிவப்பு நிறத்தை விரைவில் விழுங்குகிறது. 5 மீட்டர் ஆழத்திலேயே சிவப்பின் பெரும்பகுதி போய்விடும். சூரியஒளி 5 மீட்டர் இறங்கிச் சுறாவின் மேல் பட்டு, 3 மீட்டர் தள்ளியிருக்கும் காமிராவை அடைந்தால், அது நீரில் கடந்த வழி மொத்தம் 8 மீட்டர். எனவேதான் படங்கள் நீலம் பாரித்துக் காணப்படுகின்றன.

மூன்றாவது ஒளிச்சிதறல். மழைக்குப் பின் எங்கள் சங்கரன்கோவில் பக்கத்துக் குளம் எதிலாவது கையை முழங்கை வரை விட்டுப் பாருங்கள், விரல் தெரியாது. அதே செம்மண் துகள் வேலைதான் கரையோரக் கடலிலும் நடக்கிறது. அலை மணலைக் கிளப்புகிறது. ஆறு வண்டலைக் கொட்டுகிறது. காமிராவோடு ஒட்டிய விளக்கை எரித்தால் ஒவ்வொரு துகளும் ஒளியைத் திருப்பி அனுப்பும்; படம் முழுவதும் வெண்புள்ளிகள் விழும். விளக்கைப் பக்கவாட்டில் தள்ளிப் பிடிப்பதே இதற்குப் பரிகாரம்.

இம்மூன்றுக்கும் பொதுவான மருந்து ஒன்றே: அருகில் செல்ல வேண்டும். சுறாவுக்கும் காமிராவுக்கும் இடையே நீர் குறையக் குறையப் படம் தெளியும். ஆகவே சுறாவிடம் நெருங்கத் துணிந்தவரே அதை உள்ளபடி காட்ட முடிந்தது.

நம் கடலில்

1943-இல் கூஸ்தோவும் காஞ்ஞனும் 'அக்வாலங்' என்ற மூச்சுக் கருவியை உருவாக்கிய பின் நீருக்கடியில் நெடுநேரம் தங்க முடிந்தது. 1963-இல் நிக்கான் நிறுவனம் தனிப்பெட்டி தேவைப்படாத 'நிக்கோனாஸ்' காமிராவை வெளியிட்டது.

இவற்றுக்கிடையே, 1956-இல் ஆங்கில விஞ்ஞான எழுத்தாளர் ஆர்தர் கிளார்க்கும் புகைப்படக்காரர் மைக் வில்சனும் இலங்கையில் குடியேறினர். ஆஸ்திரேலியப் பவளத் திட்டுகளில் சுறாக்களிடையே மூழ்கிப் பழகியவர்கள் அவர்கள். இலங்கையின் மூழ்குநரும் மீன் அறிஞருமான ராட்னி ஜோங்க்லாஸ் அவர்களுக்குத் துணையானார். திருகோணமலையில் சுவாமி மலையின் அடிக்கடலில் மூழ்கிக் கோணேசர் கோயிலின் பழைய கற்களைக் கண்டனர். 1961-இல் தென்கரைக்கு அப்பால் உள்ள கிரேட் பாசஸ் பாறைத் திட்டில் வில்சன் படப்பிடிப்புக்குச் சென்றபோது, மூழ்கிய கப்பலொன்றிலிருந்து சூரத்தில் அச்சிட்ட வெள்ளி நாணயங்கள் கிடைத்தன. சுறா உலவும் கடலில் கேடயமின்றி மூழ்கி வேலை செய்யலாம் என்பதற்கு அவர்களுடைய படங்களே சான்று.

இதே 1961-இல்தான் தூத்துக்குடியில் கடைசி முத்துக்குளிப்பு நடந்தது. 1960-களில் அங்கே மத்திய கடல் மீன்வள ஆராய்ச்சி நிலையத்தைச் சேர்ந்த எஸ். மகாதேவன், கே. நாகப்பன் நாயர் ஆகியோர் மூச்சுக் கருவியுடன் மூழ்கி முத்துப்பார்களின் உயிரினங்களை நேரில் ஆராய்ந்து எழுதினர். முன்பு குளிப்பவர் மட்டுமே கண்ட கடலடி அறிவியலின் பார்வைக்கு வந்தது.

இன்றைய கணக்கு

இன்று சுறாவைப் படம் எடுக்க ஆளே மூழ்க வேண்டியதில்லை. ஒரு சட்டத்தில் வீடியோ காமிராவைப் பொருத்தி, அதன் எதிரே ஒரு கம்பில் இரைப்பெட்டியைக் கட்டி, கடலடியில் ஒரு மணி நேரத்துக்கு மேல் விட்டுவிடுகிறார்கள். யாரும் அருகில் இல்லாததால் சுறா தன் இயல்பில் வந்து போகும். 58 நாடுகளில் 371 பவளத் திட்டுகளில் இவ்வாறு செய்த ஆய்வு 2020-இல் 'நேச்சர்' இதழில் வெளியாயிற்று. ஏறத்தாழ ஐந்தில் ஒரு திட்டில் ஒரு சுறாகூடக் காமிராவின் முன் வரவில்லை. மற்றோர் ஆய்வு, 1970-க்குப் பின் பெருங்கடல் சுறாக்களும் திருக்கைகளும் 71 விழுக்காடு குறைந்துவிட்டதாக 2021-இல் கணக்கிட்டது. மிகுதியான மீன்பிடிப்பே முதற்காரணம். சுறா மெதுவாக வளரும், காலந்தாழ்ந்தே முதிர்ச்சி அடையும், குட்டிகளும் குறைவு. போனது எளிதில் திரும்புவதில்லை.

இந்தியா 2001-இல் திமிங்கலச் சுறா உள்ளிட்ட சில இனங்களுக்குச் சட்டப் பாதுகாப்பு அளித்தது. 2015-இல் சுறாத் துடுப்பு ஏற்றுமதியைத் தடை செய்தது. மீன்பிடித்து வாழும் குடும்பங்களின் நலனையும் சேர்த்தே இனி வழி காண வேண்டும்.

சுறா நெருங்காதிருக்க முத்தில் பங்கு கொடுத்த காலம் ஒன்று இருந்தது. இப்போது இரையை வைத்துக் காமிரா காத்திருக்கிறது. எதிரே நீலநீர் மட்டுமே தெரியும் படமும் ஒரு முக்கியமான அறிவியல் சான்றே.