டியூன் செய்த டீசல் டிரக்கில் இலகு கேம்பர் இழுத்தல்

வட அமெரிக்காவில், படுக்கையும் அடுப்பும் கொண்ட சிறு கேம்பரை பிக்கப் டிரக்கின் பின்னால் மாட்டி விடுமுறைப் பயணம் போவது பரவலான வழக்கம். இழுக்கும் டிரக்கின் எஞ்சின், தொழிற்சாலை தந்ததைவிடக் கூடுதல் திறன் தரும்படி டியூன் செய்யப்பட்டதாக இருப்பதும் அங்கே அபூர்வமல்ல. இத்தகைய இழுவையில் பலரும் முதலில் கேட்பது குதிரைத்திறனைத்தான். உண்மையில் கடைசியாகக் கவலைப்பட வேண்டியதும் அதுதான்.

இலகு கேம்பர்களில் தனி வகை, ஃபைபர்கிளாஸ் ஓடு கொண்டவை. 1968-இல் கனடாவின் வின்னிபெக் நகரில் உருவான 13 அடி நீளப் போலர் இவற்றின் முன்னோடி. மினசோட்டாவின் ஸ்காம்ப், டெக்சஸின் கசீட்டா ஆகியவை அதே வழியில் வந்தவை. 13 அடி ஸ்காம்ப் ஏறத்தாழ 550 முதல் 680 கிலோ வரைதான் இருக்கும். சாமான், தண்ணீர் எல்லாம் ஏற்றிய பெரிய கேம்பர்கள் 1,500 கிலோவைத் தொடும்.

இழுப்பவற்றில் பேர்பெற்றது, 1989 மாடல் முதல் டாட்ஜ் பிக்கப்புகளில் வந்த 5.9 லிட்டர், ஆறு சிலிண்டர் கம்மின்ஸ் டர்போ டீசல். தொடக்கத்தில் அதன் திறன் 160 குதிரைத்திறன்தான். 1990-களின் நடுவில் வந்த இயந்திர பம்பில், எரிபொருளின் அளவுக்கு எல்லை கட்டும் சிறு இரும்புத் தகட்டை அராவினாலோ நகர்த்தினாலோ போதும், திறன் கூடிவிடும். பின்னர் மின்னணுக் கட்டுப்பாடு வந்ததும் அந்த வேலையை டியூனர் பெட்டிகள் ஏற்றுக்கொண்டன. புகைவடிகட்டி போன்ற மாசுக்கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கழற்றிவிட்டுச் செய்யும் டியூனிங் அமெரிக்கத் தூய காற்றுச் சட்டத்துக்கு எதிரானது. அப்படிக் கழற்றப்பட்ட டீசல் பிக்கப்புகள் பத்தாண்டில் 5,50,000-க்கும் மேல் என்று அந்நாட்டுச் சுற்றுச்சூழல் பாதுகாப்பு முகமை 2020-இல் மதிப்பிட்டது.

இழுவைக்கு எவ்வளவு திறன் வேண்டும்? 3,000 கிலோ டிரக் 1,500 கிலோ கேம்பருடன் 6 விழுக்காடு ஏற்றத்தில் மணிக்கு 90 கிலோமீட்டரில் ஏறுகிறது என்று கொள்வோம். எடையைத் தூக்க மட்டும் சுமார் 90 குதிரைத்திறன். அதில் கேம்பரின் பங்கு 30. காற்றுத் தடையும் டயர் உராய்வும் சேர்ந்தால் 140 அளவில் நிற்கும். டியூன் செய்யாத பழைய எஞ்சினே கிட்டத்தட்டச் சமாளித்துவிடும். சமதளத்தில் எடையைவிடக் கேம்பரின் அகன்ற முகப்பே அதிகம் தடுக்கிறது. காற்றை எதிர்க்கத் தேவைப்படும் திறன் வேகத்தின் மும்மடியாக ஏறுவதால், 90-இலிருந்து 110-க்குப் போனால் அந்தச் செலவு 80 விழுக்காடு கூடிவிடும்.

டியூனிங்கின் உண்மையான விலை வெப்பம். பெட்ரோல் எஞ்சினில் எரிபொருளைக் கூட்டித் தந்தால் எரிவு குளிரும். டீசலில் நேர்மாறாக, கூட்டக் கூட்டச் சூடேறும். காலி வண்டியில் இது பொருட்டல்ல, ஏனென்றால் முழுத் திறனும் சில விநாடிகளுக்கு மேல் தேவைப்படாது. மலையேற்றத்தில் அப்படியில்லை. கொலராடோவில் 70-ஆம் எண் நெடுஞ்சாலை, 11,158 அடி உயரத்திலுள்ள ஐசன்ஹோவர் சுரங்கப்பாதைக்கு ஏறும்போது எஞ்சின் நிமிடக்கணக்கில் சுமையிலேயே நிற்கும். மேலே போகப் போகக் காற்றும் மெலியும். ஆகவே டியூன் செய்தவர்கள் டர்போவுக்கு முன்னால், எக்சாஸ்ட் மேனிபோல்டில் துளையிட்டு வெப்பமானி பொருத்துகிறார்கள். தொடர் ஏற்றத்துக்கு 1,250 பாரன்ஹீட், அதாவது சுமார் 675 செல்சியஸ் என்பது ஓட்டுநர்களிடையே வழங்கும் எல்லை. அதைத் தாண்டியே நெடுநேரம் ஓடினால் அலுமினியப் பிஸ்டன்களுக்கு ஆபத்து. முள் எல்லையை நெருங்கும்போது மிதியை அழுத்துவதல்ல மருந்து. காலைத் தளர்த்தி ஒரு கியர் குறைத்தால், எஞ்சின் வேகமாகச் சுழன்று அதிகக் காற்றை இழுக்க, முள் இறங்கும். ஏற்றம் முடிந்ததும் உடனே அணைக்காமல் சற்று ஓடவிடுவதும் வழக்கம்; இல்லாவிட்டால் டர்போவின் பேரிங்கில் எண்ணெய் கருகிப் படியும்.

கூடிய முறுக்குவிசை அடுத்து சோதிப்பது கியர்பெட்டியை. ஆட்டோமேட்டிக் வண்டிகளில் டார்க் கன்வர்ட்டரின் கிளட்ச் நழுவத் தொடங்கினால் எண்ணெய் காய்ந்து கெடும். கேம்பர் இலகுவானாலும் இது நேரலாம்.

இறக்கத்தில் டியூனிங் எதற்கும் உதவாது. காற்றை அடைக்கும் வால்வு டீசலில் வழக்கமாக இல்லாததால் எஞ்சினின் தடுப்பாற்றல் குறைவு. அதற்குத்தான் எக்சாஸ்ட் பிரேக். கேம்பரின் சொந்த பிரேக்கைப் பல மாநிலங்கள் 3,000 பவுண்டுக்கு மேல் கட்டாயமாக்கியுள்ளன, சில அதற்குக் கீழேயே. கொக்கியின் மேல் விழும் பாரம் கேம்பரின் மொத்த எடையில் 10 முதல் 15 விழுக்காடாக இருக்க வேண்டும். குறைந்தால் பின்வண்டி பக்கவாட்டில் ஆடத் தொடங்கும், வேகம் கூடக் கூட ஆட்டமும் கூடும்.

தயாரிப்பாளர் குறித்த இழுவை எடையை டியூனர் பெட்டி ஒரு கிலோகூட உயர்த்துவதில்லை. அந்த எண் சட்டகம், அச்சு, பிரேக், குளிர்விப்பு அனைத்தையும் பார்த்து வைக்கப்படுவது. கேம்பர் டயர்களுக்கும் தனி வரம்பு உண்டு: வேறு குறிப்பு இல்லாத வழக்கமான டிரெய்லர் டயருக்கு மணிக்கு 65 மைல், அதாவது சுமார் 105 கிலோமீட்டர். டியூன் செய்த டிரக் அந்த வேகத்தை ஏற்றத்திலேயே தாண்டிவிடும்.