'லைவ்-ஈவில்' கேட்டவங்களா நீங்க? அந்த நாலு ராத்திரியையும் முழுசா கேட்டுப் பாருங்க!

வாசுதேவநல்லூரில் பஸ் ஏறி, புளியங்குடி, கடையநல்லூர் தாண்டி தென்காசியில் இறங்குறதுக்குள்ள ஒரு மணி நேரத்துக்கு மேல ஆகிடும். டிரைவர் அண்ணன் ராஜா சார் பாட்டு போட்டா பிரச்னையே இல்லை. போடலைன்னா காதுல இயர்போன்தான். அப்படி ஒரு பயணத்துக்குக் கச்சிதமான அளவில் வந்த ஆறு சிடி பெட்டி ஒண்ணு இருக்கு. மைல்ஸ் டேவிஸின் 'தி செல்லார் டோர் செஷன்ஸ் 1970'. ஒரு சிடிக்கு ஒரு மேடைக் கச்சேரி. ஒண்ணு முடியுறப்போ ஊர் வந்துடும்.

ஜாஸ்னா கோட் சூட் போட்ட பெரியவங்க ஹோட்டல் லாபியில் வாசிக்கிறதுன்னு நினைச்சா, இது அந்த ரகம் இல்லை. இது எலக்ட்ரிக் ஜாஸ். கிடார்காரங்க காலால் மிதிக்கிற வா-வா பெடலைத் தன் டிரம்பெட்டோடு இணைச்சு, குழலை அழ வெச்ச காலம் அது. ராக் ரசிகர்களும் ஃபங்க் ரசிகர்களும் உள்ளே வந்தாங்க. பழைய ஜாஸ் ரசிகர்கள் பலர் கோபிச்சுக்கிட்டு வெளியே போனாங்க.

நடந்தது என்ன?

1970 டிசம்பர் 16 முதல் 19 வரை, வாஷிங்டன் நகரத்தில் 'தி செல்லார் டோர்' என்ற சின்ன கிளப்பில் மைல்ஸ் குழு வாசித்தது. கொலம்பியா நிறுவனம் அதைப் பதிவு செய்தது. கீபோர்டில் கீத் ஜாரெட், சாக்ஸபோனில் கேரி பார்ட்ஸ், டிரம்ஸில் ஜாக் டிஜானெட், தாளக்கருவிகளில் பிரேசில்காரர் ஐர்டோ மொரேரா, பேஸ் கிடாரில் மைக்கேல் ஹென்டர்சன். ஹென்டர்சனுக்கு அப்போ வயசு 19. ஜாஸ் உலகத்துப் பையனே இல்லை, ஸ்டீவி வொண்டர் குழுவில் வாசித்தவர். நாலாவது நாள், சனிக்கிழமை மட்டும் ஜான் மெக்லாப்ளின் கிடாரோடு வந்து சேர்ந்தார்.

அடுத்த வருஷம் 1971-ல் 'லைவ்-ஈவில்' என்ற இரட்டை எல்.பி. வெளியானது. ஆங்கிலத்தில் 'லைவ்' என்ற சொல்லைத் திருப்பி எழுதினால் 'ஈவில்'. அதில் 'சிவாட்' என்று ஒரு டிராக் இருக்கு. சிவன் சம்பந்தப்பட்டதோன்னு யோசிக்காதீங்க, 'டேவிஸ்' என்பதைத் திருப்பிப் போட்டது! 'செலிம்' என்பது 'மைல்ஸ்'.

எழுத்தை மட்டுமில்லை, இசையையும் மாத்தி ஒட்டினாங்க. தயாரிப்பாளர் டியோ மசெரோ, டேப்பை பிளேடால் வெட்டி ஒட்டுவதில் மன்னன். 'சிவாட்' தனிப் பாட்டே கிடையாது. 'டைரக்‌ஷன்ஸ்', 'ஹாங்க்கி டோங்க்' என்ற இரண்டு உருப்படிகளின் துண்டுகளைச் சேர்த்தது. 'இனமொராட்டா'வில் ஒரு நடிகரின் குரலைப் பின்னால் சேர்த்தாங்க. நடுநடுவே ஸ்டுடியோவில் பதிவான குட்டிப் பாட்டுகளையும் செருகினாங்க. 'லைவ்' என்று பெயர் போட்ட ஆல்பம் அது!

2005-ல்தான் வெட்டாத கச்சேரிகள் ஆறு சிடியாக வெளியே வந்தன. நடுவில் 34 வருஷம்.

ரசிகர்கள் எதுக்கு அடிச்சுக்கிறாங்க?

ஒரு கோஷ்டி, "எல்.பி.தான் கலை. மசெரோ வெட்டினதும் ஒரு வாசிப்புதான். ஆறு சிடியில் அதே 'வாட் ஐ சே' திரும்பத் திரும்ப வருது, யாருக்குப் பொறுமை?" என்கிறது. இன்னொரு கோஷ்டி, "மேடையில் நடந்ததைக் கொடு, எடிட்டரோட ரசனை எங்களுக்கு வேணாம்" என்கிறது.

இரண்டு பக்கமும் நியாயம் இருக்கு. ஆனா, இந்தப் பெட்டி விஷயத்தில் எனக்கு இரண்டாவது கோஷ்டிதான் சரின்னு படுது. காரணம், அந்த சனிக்கிழமை. எல்.பி.யில் இருக்கிற லைவ் பகுதிகள் முழுக்க அந்த ஒரே நாளில் எடுத்தவை. அதனால இந்தக் குழுவே கிடாரை நம்பின குழுன்னு ரொம்ப வருஷம் நினைச்சவங்க உண்டு. பெட்டியைத் திறந்தா முதல் நாலு சிடியில் கிடாரே கிடையாது. அந்த இடத்தை நிரப்புறது கீத் ஜாரெட். ஒரு கை எலக்ட்ரிக் பியானோவில், இன்னொரு கை ஆர்கனில். தனியாவும் சில நிமிடங்கள் கற்பனையாக வாசிக்கிறார். எல்.பி.யை மட்டும் கேட்டவங்களுக்கு அவர் இந்த அளவுக்கு இருந்தார் என்பதே தெரிஞ்சிருக்காது. வேடிக்கை என்னன்னா, ஜாரெட்டுக்கு எலக்ட்ரிக் கீபோர்டு பிடிக்கவே பிடிக்காது. மைல்ஸை விட்டுப் போனதும் பியானோவுக்கே திரும்பிட்டார்.

ஐந்தாவது, ஆறாவது சிடியில் மெக்லாப்ளின் நுழையும்போது காற்றே மாறுது. ஏற்கெனவே நாலு சிடி கேட்ட காதுக்குத்தான் அந்த வித்தியாசம் பிடிபடும். நேரா அஞ்சாவதுக்குத் தாவினா, அது நல்ல கிடார் கச்சேரி, அவ்வளவுதான்.

"ஒரே பாட்டைத் திரும்பத் திரும்ப எதுக்குக் கேட்கணும்?" என்ற கேள்விக்கு நம்ம ஊர்லேயே பதில் இருக்கு. கோயில் கொடைக்கு வர்ற நையாண்டி மேளத்தைக் கேட்டிருப்பீங்க. அதே செட்டு, அதே ஆட்கள். ஆனா சாயங்காலம் சாவகாசமா அடிக்கிற அடி வேற, சாமக்கொடையில் சாமி வர்ற நேரம் அடிக்கிற அடி வேற. வித்தியாசம் மெட்டில் இல்லை, அந்த நேரத்தில். ஹென்டர்சன் பேஸும் அப்படித்தான். ஒரே சின்ன வரியை நிமிடக்கணக்கில் விடாமல் பிடிச்சுக்கிட்டே இருப்பார். மத்தவங்க அதைச் சுத்திச் சாமியாடுறாங்க.

நம்ம ஆளுங்க எங்கே வர்றாங்க?

மெக்லாப்ளின் மூலமாத்தான். மைல்ஸிடமிருந்து கிளம்பி, 1971-ல் மகாவிஷ்ணு ஆர்க்கெஸ்ட்ரா தொடங்கி, ஆம்ப்ளிஃபையர் சத்தத்தின் உச்சத்துக்குப் போனவர் அவர். பிறகு எல்லா வயரையும் பிடுங்கிட்டு அகூஸ்டிக் கிடாரோடு தரையில் உட்கார்ந்தார். அந்தக் குழுதான் 'சக்தி'. வயலின் எல்.சங்கர், தபலா ஜாகிர் உசேன், கடம் விக்கு விநாயக்ராம், மிருதங்கம் ராம்நாட் ராகவன். முதல் ஆல்பம் 1975-ல் அமெரிக்கக் கல்லூரி ஒன்றில் நடந்த கச்சேரியின் லைவ் பதிவு. பின்னாளில் 'ரிமெம்பர் சக்தி'யாக மாறியபோது மாண்டலின் யு.ஸ்ரீநிவாஸும், விநாயக்ராமின் மகன் செல்வகணேஷும் சேர்ந்தாங்க. கிடாரும் மறுபடி எலக்ட்ரிக். ஸ்ரீநிவாஸின் மாண்டலினும் எலக்ட்ரிக்தான். 2023-ல் வந்த சக்தியின் 'திஸ் மொமென்ட்' அடுத்த ஆண்டு கிராமி வாங்கியது.

மைல்ஸ் பக்கமே இன்னும் கொஞ்சம் தோண்டணும்னா, 1972-ன் 'ஆன் தி கார்னர்' கேளுங்க. அதில் தபலா பாதல் ராய். அந்தக் காலப் பதிவுகளும் 2007-ல் ஆறு சிடி பெட்டியா வந்திருக்கு.

வாங்கணுமா, மொபைல் போதுமா?

நேர்மையா சொன்னா, முதல்ல மொபைல் போதும். வெளிநாட்டிலிருந்து பெட்டி வரவழைச்சா தபால் செலவு, சுங்கவரின்னு விலை எகிறும். வீட்டில் சிடி பிளேயரும் இருக்கணும். பெட்டியோட உண்மையான லாபம் உள்ளே இருக்கிற புத்தகம்தான். வாசித்தவங்களே எழுதின குறிப்புகள் அதில் இருக்கு. ஸ்ட்ரீமிங்கில் அது கிடைக்காது.

ஆனா செட்டிங்ஸ்ல கை வைக்காம கேட்காதீங்க. ஷஃபிளை அணைச்சிடுங்க. ஒரு உருப்படி அடுத்ததுக்குள்ள நிக்காம வழுக்கிப் போற இசை இது. ஷஃபிள் போட்டா மசெரோவோட பிளேடை விட மோசமா வெட்டும். கிராஸ்ஃபேடும் வேண்டாம். மொபைல் ஸ்பீக்கரில் ஹென்டர்சன் காணாமலே போயிடுவார், அதனால் இயர்போன் கட்டாயம். பஸ்ஸில் சிக்னல் போகும் வரும், வீட்டிலேயே டவுன்லோடு பண்ணிக்கோங்க.

வரிசை? முதல்ல 'லைவ்-ஈவில்'. ஒரு வாரம் கழிச்சு பெட்டியின் முதல் சிடி, அதாவது புதன்கிழமை. அப்புறம் நாள் வரிசைப்படி.

வேற எந்த ரீஇஷ்யூவா இருந்தாலும், காசு போடுறதுக்கு முன்னாடி ஒண்ணைப் பாருங்க: புதுசா என்ன இருக்கு? 'ரீமாஸ்டர்' என்றால் பழைய அதே பதிவு, ஒலி மட்டும் துடைச்சது. 'கம்ப்ளீட்' என்று போட்டிருந்தாலும் எண்ணிப் பாருங்க. செல்லார் டோர் பெட்டியிலேயே நாலு நாளின் எல்லாக் கச்சேரியும் கிடையாது, ஆறுதான் இருக்கு.

இதையெல்லாம் கேட்கும்போது எனக்குப் பொறாமையா வர்றது ஒரே விஷயத்தில். ஒரு சின்ன கிளப்பில் நாலு நாள் வாசித்ததை ஒரு கம்பெனி டேப்பில் பிடிச்சு, 35 வருஷம் பத்திரமா வெச்சிருந்தது. நம்ம பக்கத்து காருகுறிச்சி அருணாசலம் 1964-ல் இறந்தார். 'கொஞ்சும் சலங்கை'யில் எஸ்.ஜானகியோடு அவர் நாகஸ்வரம் வாசிச்சதை எல்லாருக்கும் தெரியும். கோயில் திருவிழாக்களில் அவர் விடிய விடிய வாசித்த ராத்திரிகளுக்கு நாலு நாள் பெட்டி எதுவும் இல்லை. ரசிகர்கள் ஆசைப்பட்டு டேப்பில் பிடிச்சு வெச்சதுதான் கைமாறிக் கைமாறி வந்துக்கிட்டு இருக்கு.

போன கொடையில் உங்க மொபைலில் எடுத்த மேளம் வீடியோ இன்னும் இருக்கா? மெமரி ஃபுல்னு அழிக்கிறதுக்கு முன்னாடி, ஊர் பேரு, தேதி, செட்டுக்காரங்க பேரு மூணையும் எழுதி வேற எங்கேயாவது ஒரு காப்பி போட்டு வைங்க.