பழனி தண்டாயுதபாணி: மலைமேல் திருமேனியும் சாலைமேல் அடியாரும்

பழனி தண்டாயுதபாணி என்பது திண்டுக்கல் மாவட்டம் பழனி மலைமேல் மேற்கு நோக்கி நிற்கும் முருகன் திருவுருவம். வலக்கையில் தண்டு, இடக்கை இடுப்பில், அரையில் கோவணம். அருகில் வள்ளியும் இல்லை, தெய்வானையும் இல்லை. தைப்பூசத்துக்கும் பங்குனி உத்திரத்துக்கும் இலட்சக்கணக்கானோர் நடந்தே வந்து இந்த ஆண்டியைக் காண்கிறார்கள். கிழக்குச் சீமையிலிருந்து வருவோருக்குத் திண்டுக்கல்லைத் தாண்டியதும் வாய்க்கும் தங்கல்களில் ஒன்று ரெட்டியார்சத்திரம். அதற்கு மேற்கே ஒட்டன்சத்திரம், அதையும் கடந்தால் சத்திரப்பட்டி. ஒரே சாலையில் மூன்று ஊர்கள் சத்திரத்தின் பெயரைத் தாங்கி நிற்பதே, இது வழிப்போக்கருக்குச் சோறும் திண்ணையும் கொடுத்த தடம் என்பதற்குப் போதிய சான்று.

ஊரின் பழம்பெயர் பொதினி. அகநானூற்றில் அப்பெயர் வருகிறது. மயிலுக்குப் போர்வை ஈந்த வையாவிக் கோப்பெரும் பேகனின் ஆவியர் குடி ஆண்ட நிலம் இது. மலையடிவாரத்துத் திருஆவினன்குடியைத் திருமுருகாற்றுப்படை முருகனின் படைவீடுகளில் ஒன்றாகச் சொல்கிறது. மலைக்கோயில் அதற்குப் பின்னால் புகழ் பெற்றது. 15ஆம் நூற்றாண்டில் அருணகிரிநாதர் இம்மலையைத் திருப்புகழில் மீண்டும் மீண்டும் பாடினார்.

மூலவர் திருமேனி கல்லும் அன்று, உலோகமும் அன்று. நவபாஷாணம் எனப்படும் ஒன்பது சரக்குகளைக் கட்டிப் போகர் என்னும் சித்தர் செய்தது என்பது மரபு. அவர் அடங்கிய இடமாகப் போற்றப்படும் சந்நிதி மலைக்கோயில் பிரகாரத்திலேயே இருக்கிறது. போகரின் மாணவர் புலிப்பாணியின் வழிவந்தவர்கள் பல தலைமுறை பூசை செய்தார்கள் என்றும், திருமலை நாயக்கர் காலத்தில் (1623-1659) தளவாய் இராமப்பய்யன் அதை மாற்றிக் குருக்கள் குடும்பங்களை அமர்த்தினார் என்றும் கோயில் வரலாறு கூறுகிறது. மருத்துவமும் வழிபாடும் ஒன்றாய்க் கலந்து நிற்பதுதான் இத்திருமேனியின் தனித்தன்மை. மேனியில் பட்ட பஞ்சாமிர்தமும், இரவில் சாத்தி விடியலில் எடுக்கும் இராக்காலச் சந்தனமும் நோய் தீர்க்கும் என்ற நம்பிக்கை ஊர் ஊராய்ப் பரவியது.

அந்த நம்பிக்கையே திருமேனிக்குச் சோதனையாகவும் வந்தது. பிரசாதம் வேண்டியவர்கள் பெருகப் பெருக அபிஷேகம் பெருகியது. அபிஷேகம் பெருகத் திருமேனி தேய்ந்தது. 2004-இல் அபிஷேகத்துக்கென்று ஓர் ஐம்பொன் சிலை கருவறையில் வைக்கப்பட்டது. பக்தர்கள் ஏற்கவில்லை, சில மாதங்களிலேயே அது அகற்றப்பட்டது. அச்சிலை வார்த்ததில் முறைகேடு நடந்ததாகப் பின்னர் வழக்கும் எழுந்தது. அபிஷேகத்தைக் குறைத்து மூத்த திருமேனியைக் காப்பதே சரியான வழி. அதற்கு முன்னால் இன்னொன்றைக் கொண்டுவந்து நிறுத்தியது பிழை. நடந்து வருகிறவர் நாலு நாள் கால் வீங்கி வருவது அந்த ஒரு முகத்தைப் பார்க்கத்தான்.

மூலவர் மலையை விட்டு இறங்குவதில்லை. வீதியுலா வருபவர்கள் உற்சவர்கள். மலைமேல் தங்கத்தேரில் எழுந்தருள்பவர் சின்னக்குமாரசுவாமி. அத்தேர் 1947-இல் ஓடத் தொடங்கியது. தைப்பூசம் நடப்பது மலைமேல் அன்று, ஊருக்குள் உள்ள பெரியநாயகி அம்மன் கோயிலில். அங்கு முத்துக்குமாரசுவாமி வள்ளி தெய்வானையோடு பத்து நாள் வீதியுலா வருகிறார். திருக்கல்யாணம், வெள்ளித்தேர், பூசத்தன்று தேரோட்டம் என்று விழா நடக்கிறது. மேலே துறவி, கீழே மணமகன். அடியார் இருவரையும் கண்டுவிட்டுத்தான் ஊர் திரும்புவார்.

நடைப்பயணத்தில் மூத்தது நகரத்தார் காவடி. உப்பு விற்கப் பழனிக்கு வந்த செட்டிநாட்டு வணிகர்கள் இலாபத்தில் முருகனுக்கு மகமை எடுத்து வைத்ததில் தொடங்கியது என்பர். ஏறத்தாழ 400 ஆண்டு மரபு என்பது அவர்கள் கணக்கு. குன்றக்குடியில் கூடி, சிங்கம்புணரி, நத்தம், திண்டுக்கல் வழியாகப் பழனியை அடைகிறார்கள். இதே மக்கள் கடல் கடந்தபோது தண்டாயுதபாணியையும் கூட அழைத்துச் சென்றார்கள். சிங்கப்பூர் டேங்க் ரோடு கோயில் 1859-இல் எழுந்தது. பினாங்குத் தைப்பூசத்தில் 1894-இல் வெள்ளித்தேர் வந்தது.

மற்றவர்களுக்கு மற்ற முறைகள். எடப்பாடிக் காவடிக் குழுவினர் பூசத்துக்குப் பின் வந்து, மலைமேலேயே டன் கணக்கில் பஞ்சாமிர்தம் பிசைந்து, இரவு அங்கேயே தங்கும் உரிமை பெற்றவர்கள். கொங்கு நாட்டார் பங்குனி உத்திரத்துக்குக் கொடுமுடிக் காவிரி நீரைத் தீர்த்தக் காவடியாகச் சுமந்து வருவார்கள்; கோடை தொடங்கும் நேரத்தில் திருமேனியைக் குளிர்விக்க. பாலக்காட்டுப் பக்கத்திலிருந்து மலையாளிகளும் வருகிறார்கள். 2019-இல் புவிசார் குறியீடு பெற்ற பஞ்சாமிர்தத்துக்கு விருப்பாச்சி மலைவாழை வேண்டும். அந்த விருப்பாச்சியும் ஒட்டன்சத்திரத்தை அடுத்து, இதே சாலையை ஒட்டியுள்ள ஊர்தான்.

1928-இல் திண்டுக்கல்லிலிருந்து பழனி வழியாகப் பொள்ளாச்சிக்கு இரயில் வந்தது. 1966-இல் மலையேற இழுவை இரயில், 2004-இல் கம்பிவட ஊர்தி. எதுவும் நடையைக் குறைக்கவில்லை. தை பிறந்ததும் ரெட்டியார்சத்திரம் வழியே பச்சை வேட்டியும் காவியும் சாரை சாரையாகப் போகும். பனி கொட்டும் இரவில் நடந்து, வெயில் ஏறியதும் புளியமர நிழலிலும் பந்தலிலும் படுத்துக்கொள்வார்கள். கைக்குழந்தையைத் தோளில் சாய்த்தபடி நடக்கும் தாய்மார்களும் உண்டு. வழிநெடுக உள்ளூர்க்காரர்கள் பொங்கலும் சுக்குக் காப்பியும் நீர்மோரும் கொடுப்பார்கள். யார், எந்த ஊர், என்ன சாதி என்ற கேள்வி அந்தப் பந்தலில் எழுவதில்லை. காலில் தைலம் தேய்த்துவிட ஒருவர் குனிந்து உட்கார்ந்திருப்பார். அவருக்கும் அது வேண்டுதல்தான். மலைமேல் நிற்கும் திருமேனிக்குச் செய்யும் பூசைக்கு இது எள்ளளவும் குறைந்ததில்லை.

சாலையோரம் நடைபாதை போட்டிருந்தாலும் கூட்டம் மிகும் நாட்களில் அடியார்கள் தார்ச்சாலையில்தான் நடக்க வேண்டியிருக்கிறது. தை மாதத்தில் இரவு நேரம் இவ்வழியே வண்டி ஓட்டுவோர் வேகத்தைக் குறைத்துச் செல்ல வேண்டும். நடப்போர் முதுகில் ஒளிரும் பட்டை ஒட்டிக்கொள்ள வேண்டும். பூசம் முடிந்த பிறகும் இந்த எச்சரிக்கை தேவை. நகரத்தார் காவடி மக நட்சத்திரத்தன்று செலுத்தப்பட்டு, வந்த வழியே நடந்துதான் திரும்புகிறது.