விடைபெறும் துணைவரும் திரும்பிவரும் பகைவரும்: 'டாக்டர் ஹூ' தொடரின் வரலாற்றிலிருந்து

1963 நவம்பர் 23 அன்று பிபிசி ஒளிபரப்பத் தொடங்கிய 'டாக்டர் ஹூ' தொடரில், காலத்தில் பயணம் செய்யும் டாக்டருக்கு முகம் நிலையானதன்று. நடிகர் மாறும்போது பாத்திரமும் உருமாறிக்கொள்ளும். ஆதலால் அவரைச் சூழ்ந்த துணைவரும் பகைவருமே தொடரின் நினைவைச் சுமந்தனர். இவ்விரு சாராரில் பகைவர் மீண்டும் மீண்டும் வந்தனர். துணைவரோ பெரும்பாலும் சென்றால் சென்றதுதான். இவ்வேறுபாட்டின் வேர் கதையில் மட்டும் இல்லை, ஒப்பந்தத் தாள்களிலும் இருந்தது.

தொடரை வகுத்த சிட்னி நியூமன், பூச்சிக்கண் அரக்கர்கள் கூடாதென்று திட்டமாகக் கூறியிருந்தார். முதல் துணைவருள் பார்பரா வரலாற்று ஆசிரியை, இயன் அறிவியல் ஆசிரியர். சிறுவர்க்கு இவ்விரு துறைகளையும் கற்பிப்பதே நோக்கம். எனினும் இரண்டாம் கதையிலேயே டாலெக்குகள் வந்துவிட்டன. நியூமன் சினந்தார், இளம் தயாரிப்பாளர் வெரிட்டி லாம்பர்ட் தம் முடிவில் உறுதியாக நின்றார். சில வாரங்களில் பிரித்தானியச் சிறுவர் அனைவரும் டாலெக் குரலில் பேசித் திரிந்தனர்.

டாலெக் கதையை எழுதிய டெரி நேஷன் வெளி எழுத்தாளர். ஆகவே உரிமையில் அவருக்குப் பங்கு கிடைத்தது. அவ்வுருவை வரைந்த ரேமண்ட் கியூசிக் மாதச் சம்பளம் பெற்ற வடிவமைப்பாளர். பின்னர் மனமுவந்து தரப்பட்ட சிறு தொகையைத் தவிர அவருக்கு ஒன்றுமில்லை. டாலெக்குகளை அமெரிக்கத் தொலைக்காட்சிக்குக் கொண்டுசெல்ல நேஷன் முயன்றமையால், 1967க்குப் பின் 1972 வரை அவை கதைகளின் மையத்திலிருந்து விலகின. அவ்விடத்தைப் பெரிதும் நிரப்பியவர், மருத்துவ ஆய்வாளர் கிட் பெட்லரும் ஜெரி டேவிஸும் 1966இல் படைத்த சைபர்மேன்கள். உறுப்புகளை ஒவ்வொன்றாக மாற்றிக்கொண்டே போனால் மனிதனில் எஞ்சுவது என்ன என்னும் பெட்லரின் அச்சமே அவர்களின் கரு. டாலெக்கைவிட ஆழமான கற்பனை இதுவே. புகழ் மட்டும் டாலெக்குக்குப் போயிற்று.

துணைவரின் நிலை வேறு. நடிகரின் ஒப்பந்தம் முடிந்தால் பாத்திரத்துக்கு மணம் முடிக்கப்படும், அல்லது வீடு கிடைக்கும். அரிதாகவே மரணம். 1982இல் சைபர்மேன் கதையொன்றில் ஏட்ரிக் என்னும் இளைஞன் இறந்தபோது, உடைந்த அவனது பதக்கத்தின்மேல் பெயர்ப்பட்டியல் இசையின்றி ஓடியது. அடுத்த கதையில் பயணம் தொடர்ந்தது.

சாரா ஜேன் ஸ்மித் என்னும் பத்திரிகையாளரின் கதை இம்மரபை உடைத்தது. எலிசபெத் ஸ்லேடன் நடித்த இப்பாத்திரத்தை 1976இல் டாக்டர் பூமியில் இறக்கிவிட்டுச் சென்றார். அவருடைய ஊர் தெற்குக் குரோய்டன், இறக்கிவிட்டதோ வேறெங்கோ. முப்பது ஆண்டுகளுக்குப் பின், 2006இல், அதே நடிகை முதிர்ந்த முகத்துடன் திரும்பிவந்து, ஏன் என்னைத் தேடி வரவில்லை என்று டாக்டரிடம் கேட்டார். இறக்கிவிட்ட ஊர் ஸ்காட்லாந்தின் அபர்டீன் என்பதும் அப்போதுதான் வெளிப்பட்டது. பெரும்பாலும் பகைவர்க்கே உரியதாயிருந்த மீள்வருகை துணைவர்க்கும் கிட்டியது. 2022இல் வில்லியம் ரசல், 57 ஆண்டு இடைவெளிக்குப் பின், இயனாகவே ஒரு காட்சியில் தோன்றினார்.

இத்தொடருக்கு இந்தியத் தொடர்பு தொடக்கத்திலேயே உண்டு. முதல் கதையை இயக்கிய வாரிஸ் ஹுசேன் லக்னோவில் பிறந்தவர். தொடரின் தோற்றத்தைச் சொல்லும் 2013ஆம் ஆண்டுத் தொலைக்காட்சிப் படத்தில் அவராக நடித்த சாஷா தவான், 2020இல் டாக்டரின் பழம்பகைவனான மாஸ்டராக நடித்தார் என்பது சுவையான தற்செயல்.

ஆயினும் ஆழமான தொடர்பு, வினய் பட்டேல் எழுதி 2018 நவம்பர் 11 அன்று ஒளிபரப்பான பஞ்சாப் கதை. துணைவியான யாஸ்மின் கான் தன் பாட்டி உம்ப்ரீனின் இளமையைக் காண விரும்பி 1947 ஆகஸ்டுக்குச் செல்கிறாள். முஸ்லிம் பெண்ணான உம்ப்ரீன், பிரேம் என்னும் இந்து இளைஞனை மணக்கவிருக்கிறாள். யாஸ்மினின் பாட்டனார் அவனல்லன். வழக்கம்போல் வேற்றுலக உயிரிகள் தோன்றுகின்றன. பார்ப்பவரும் அவற்றையே கொலையாளிகள் என நம்புகின்றனர். அவையோ துணையின்றி இறப்போரின் இறுதிக் கணத்துக்குச் சாட்சியாக நிற்க வந்தவை. பிரேமின் முடிவுக்குக் காரணமான வன்முறைக் கும்பலை அழைத்து வருபவன் அவனுடைய சொந்தத் தம்பி மனிஷ்.

பகைவன் புறத்திலிருந்து வருவான் என்ற 55 ஆண்டு வழக்கம் இங்கே தலைகீழானது. டாக்டர் தடுக்கவில்லை, தடுத்தால் யாஸ்மின் பிறந்திருக்கமாட்டாள். அவர்கள் நடந்து விலகும்போது முதுகுக்குப் பின்னால் துப்பாக்கி வெடிக்கிறது. அன்று பெயர்ப்பட்டியலில் தொடரின் பழகிய முகப்பிசையே இந்தியக் குரலில் ஒலித்தது.